எருமையின் கண்

எருமையின் கண்ணுக்குள் யாரோ நிற்கிறார்கள் என்றார் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

படம் எடுத்தவன் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

கண்காட்சி தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சுவரெல்லாம் அவன் எடுத்த படங்கள். செருப்புத் தைப்பவர், பலூன் விற்கும் பெண், பல் விழுந்த பள்ளிக்கூடச் சிறுமி, துருப்பிடித்த பூட்டு, மழையில் நனைந்த சைக்கிள் சீட்டு, நடுவில் நான்கடி அகலத்துக்கு இந்த எருமை. அவன் கரண்டு மீட்டர் கணக்கெடுக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவன். கண்ணில் பட்ட எதையும் படம் எடுக்காமல் விட்டுவைத்ததில்லை.

யாரிடமும் போய்க் கற்றதில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றதுதான். விளக்குகள் வாங்கக் கட்டுப்படியாகாததால் வெயிலையே விளக்காக்கிக்கொண்டான்.

எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் போதும். அதில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் விழும். கருவிழிக்குள் அந்தப் பலகை சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அவன் படங்களில் கண்கள் பேசுகின்றன என்று பார்த்தவர்கள் சொல்வதெல்லாம் அந்தச் சதுரத்தைத்தான்.

பலகையை எட்டு வருடமாகப் பிடித்தவள் அவன் மனைவி. ஞாயிற்றுக்கிழமைதோறும், உச்சி வெயிலில், குடைகூட இல்லாமல். குடை பிடித்தால் நிழல் விழுமாம். எருமைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றாள். அது தலையைத் திருப்புவேனா என்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலை திறப்பு விழாவில் நிருபர் மைக்கை நீட்டியபோது அவன் என்ன சொன்னான்? உதவிக்கென்று யாரும் கிடையாது, நான், கேமரா, வெயில், அவ்வளவுதான் என்றான். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றடி தள்ளி நின்றிருந்த மனைவியும் தட்டினாள்.

கடிகாரக்காரர் லேசில் விடுகிற ஆளில்லை. தூசி அளவு திருகாணிகளோடு காலம் தள்ளுகிறவர். மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி குனிந்தார். பொம்பளை மாதிரித் தெரிகிறது, கையில் எதையோ தூக்கிப் பிடித்திருக்கிறாள் என்றார். காபிக் கோப்பையோடு நின்றிருந்த நிருபர் திரும்பிப் பார்த்தார்.

என் மனைவி. சொல்ல வேண்டியது இந்த இரண்டே வார்த்தைதான். மீட்டர் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் ஊர்க்கதை பேசுகிற வாய் அவனுடையது. இப்போது அது திறக்கவில்லை.

“அது எதிர் வீட்டு ஜன்னலுங்க. யாராவது நின்னு வேடிக்கை பார்த்திருப்பாங்க,” என்றாள் மனைவி.

கடிகாரக்காரர் தலையாட்டிவிட்டுப் பூட்டைப் பார்க்கப் போனார். நிருபர் காபியைக் குடித்து முடித்தார்.

அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. செருப்புத் தைப்பவரின் படத்துக்குப் போய், கடிகாரக்காரரைப் போலவே குனிந்து, கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு பலூன் விற்கும் பெண்ணின் கண். பிறகு சிறுமியின் கண். இத்தனை வருடத்தில் அவள் அவன் படங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

பார்க்காதே, வந்துவிடு என்று கூப்பிட நினைத்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளைச் சதுரம் இருந்தது. பிடித்துக்கொண்டு நின்றவள் இல்லை. பலகை தன்பாட்டுக்கு அந்தரத்தில் நின்றது.

போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து படங்களைத் திருத்திக்கொண்டிருந்தானே, அந்த வேலைதான். அப்போது வேளா வேளைக்கு டீ போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

முழுச் சுற்றும் சுற்றிவிட்டு எருமையிடம் திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கம்பக்கம் கேட்காத குரலில், புரியாததைக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

“மனுஷங்க கண்ணுல இருந்தெல்லாம் என்னைத் துடைச்சுட்டீங்க. எருமை கண்ணுல மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?”