தேய்ந்த வாசற்படி

இங்கிலாந்தில், எங்கள் நார்ஃபோக் கிராமத்துத் தேவாலயத்தின் தெற்கு வாசலில் மழை விட்ட வெயில் விழுகிறது. எண்ணூறு வருஷமாகக் கால்கள் தேய்த்துத் தேய்த்து நடுவில் கிண்ணம்போல் குழிந்திருந்த வாசற்படியைப் போன மாதம்தான் பெயர்த்தெடுத்தார்கள். அந்த இடத்தில் இப்போது பிரிக்காத சோப்புக் கட்டிபோல் ஒரு புதுக்கல். பக்கத்துச் சுவரில் மஞ்சள் பலகை: ‘படி, கவனம்.’ குழி இருந்தவரை இந்தப் பலகைக்கு இங்கே வேலை இருந்ததில்லை. வாசலைப் புதுப்பித்த கட்டடக்கலைஞர் ரூபர்ட், கோயிலையே தான் கட்டியதுபோலக் கதவோரம் நிமிர்ந்து நிற்கிறார். வில்ஃப்ரட்டின் சவப்பெட்டி வருகிறது. தூக்கி வரும் ஆறு பேரும் உள்ளூர்க்காரர்கள். இந்த வாசலில் யாரும் குனிந்து பார்த்து நடப்பதில்லை. குழிக்குப் பழகிய கால்கள் தாழ்வாகவே எழுகின்றன. முன்னால் வரும் இருவரின் பூட்ஸ் நுனியும் ஒருசேரப் புதுக்கல்லில் இடிக்கிறது. பெட்டி முன்பக்கம் சாய்கிறது. மேலிருந்த மஞ்சள் டாஃபடில் பூக்கள் சரிந்து ஈரக்கல்லில் சிதறுகின்றன. உள்ளே அவர் நகரும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது.

“பிடிடா, பிடிடா.”

பிடித்துவிட்டார்கள். ரூபர்ட் பலகையைக் காட்டுகிறார். “பழைய கல்லுல யாராவது தடுக்கி விழுந்துடக் கூடாதுன்னுதாங்க மாத்தினோம்.”

வில்ஃப்ரட்டின் மனைவி எனிட் பூக்களைக் குனிந்து பொறுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“முட்டக் குடிச்சுட்டு இந்தப் படியேறி வருவாரு தம்பி. ஒரு நாளும் தடுக்கினதில்ல. பொணமா வர்ற அன்னிக்குத் தடுக்க வெச்சுட்டீங்களே.”