சரணாலயமாகிவிட்ட மயிலைப் பசு

தெய்வாத்தாளின் மயிலைப் பசு உண்ணிக் காய்ச்சலில் படுத்துவிட்டது. மூத்திரம் காப்பி நிறத்தில் போயிற்று. ஊசிமருந்து மாட்டுக் கொட்டகையிலேயே இருந்தது, போடத்தான் அனுமதியில்லை. பசுவின் இரத்தத்தில் குடியிருக்கும் ஒட்டுண்ணி வேறெந்த மாட்டிலும் இல்லாத அபூர்வ மரபுவகையாம். அதனால் அரசாங்கம் பசுவைச் சரணாலயமாக அறிவித்து, கழுத்தில் ஒரு கண்காணிப்புப் பட்டையையும் மாட்டியிருந்தது.

பார்வையிட வந்த அதிகாரி மோகனரங்கம், மாடு மூச்சுக்குத் திணறுவதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அற்புதமான உயிரும்மா! பல்லாயிரம் வருஷப் பாரம்பரியம்!" என்று உருகினார்.

"மாட்டைச் சொல்றீங்களா?"

"ஒட்டுண்ணியைச் சொல்றேன்."

"மாடு செத்துப்போச்சுன்னா அது எங்கீங்க குடியிருக்கும்?"

"அதுக்குத்தான் உண்ணி இருக்கே. அதோட வயித்துல பத்திரமா இருக்கும். இனி ஒரு உண்ணியைக்கூட நசுக்கக் கூடாது. நசுக்கினா அந்தப் பட்டையே காட்டிக் கொடுத்துடும், ஜெயில்தான்."

தினமும் உண்ணி பிடுங்கித் தணலில் போட்டுப் பழகிய கை தெய்வாத்தாளுடையது. பசுவின் காதோரம் ஊர்ந்த ஒன்றைப் பூவைப் போலக் கிள்ளியெடுத்து, அந்தப் பெரிய மனிதரின் பின்கழுத்தில் விட்டாள்.

"சீ!" என்று துள்ளியவர் அதைத் தேய்த்து நசுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். உடனே பசுவின் பட்டை அலறியது: "அரிய உயிர் அழிப்பு! அரிய உயிர் அழிப்பு!"

மோகனரங்கம் பாய்ந்து பட்டையின் பொத்தானை அழுத்தி அலறலை நிறுத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

தெய்வாத்தாள் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

"நான் எதுக்குங்க சொல்றேன்? அப்படியே கொம்பைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. ஊசி போடோணும்."