மூன்று கோடு சாய்வு

சாய்வுமானியின் முள் இடப்புறம் மூன்று கோடு சரிந்து நின்றது.

அவள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை.

வாகனங்களை அக்கரை சேர்க்கும் கப்பல் அது. அதன் வயிற்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். வாகனம் இடப்பக்கம் ஏறினால் தண்ணீரை வலத்தொட்டிக்குத் தள்ள வேண்டும். வலப்பக்கம் ஏறினால் இடத்தொட்டிக்கு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கப்பல் குடை சாயாமல் நிற்பது அந்த ஒரு பொத்தானால். பதினோரு ஆண்டுகளாக அது அவள் விரலடியில் இருக்கிறது. மாலுமிகள் அவளுக்கு வைத்த பெயர் தராசு.

கடைசியாக ஏறியவை இரண்டு லாரிகள். ஒரே அச்சில் வார்த்தாற்போன்றவை. இரண்டின் சீட்டிலும் ‘காலி’ என்றே எழுதியிருந்தது. ஒன்று இட ஓரம், மற்றொன்று வல ஓரம். அதுவரை நட்டநடுவில் இருந்த முள், அங்கேயே நின்றிருக்க வேண்டும். கோட்டுக்கு ஒரு டன் கணக்கு.

அறைச் சன்னலுக்கு வெளியே இடப்பக்க லாரியின் ஓட்டுநர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“உள்ள என்னண்ணே ஏத்தியிருக்கீங்க?”

“காத்துதான் தங்கச்சி. வேணும்னா உனக்கு ரெண்டு மூட்டை எறக்கட்டுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

வலப்பக்க லாரியின் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இடப்பக்க லாரியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு.

காற்றை யார் பூட்டி வைப்பார்கள்?

நெல்லென்றால் நெல் என்று எழுதலாம். இரும்பென்றால் இரும்பு என்று எழுதலாம். எந்தச் சீட்டிலும் எழுத முடியாத மூன்று டன் சரக்கு இவ்வுலகில் எது?

ஒலிபெருக்கி கரகரத்தது. கேப்டன். “என்ன தராசு, தூங்கிட்டியா? தண்ணிய அந்தப் பக்கம் தள்ளு, கிளம்பணும்!”

விரல் பொத்தானின்மீதுதான் இருந்தது.

அழுத்தினால் மூன்று டன் தண்ணீர் சத்தமின்றி வலப்பக்கம் போய்விடும். முள் நிமிரும். கப்பல் நேராகும், சீட்டு நேராகும், சட்டமும் நேராக நிற்பதுபோல் தோன்றும். கொடுமைக்குக் கொடுவாள் தேவையில்லை. ஒழுங்காக வேலை பார்க்கும் ஒரு விரல் போதும்.

அழுத்தாவிட்டால் வேலை போகும்.

அவள் விரலை எடுத்தாள். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள்.

“அந்தப் பூட்டத் திறக்கச் சொல்லுங்க, கேப்டன். அதுவரைக்கும் கப்பல் சாஞ்சேதான் நிக்கும்.”

ஓட்டுநர் பல்குச்சியைக் கீழே போட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கடப்பாறையைத் தேடிப் போனார்.

மூன்று கோடு என்றால் எத்தனை பேர் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று ஐம்பத்திரண்டு பேர். கல்குவாரிக்குக் கொத்தடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அவளுக்கு ஏழு வயது. இப்படியொரு கப்பலில், இப்படியொரு பூட்டுக்குப் பின்னால், இருட்டில் தரை ஒருபக்கமாகச் சரிந்தபோது அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கப்பல் சாயுது பாப்பா. இப்ப யாராவது வந்து பாப்பாங்க.”

சற்று நேரத்தில் தரை மெல்ல நிமிர்ந்தது.