மணிக்கு நாலு கிலோமீட்டர்

"கூரை முழுக்க சோலார் பேனல் போட்டா, உங்க படகு வீட்டுக்குப் பெரிய மோட்டாரே வைக்கலாம் சார்," என்றாள் படகை வடிவமைப்பவள்.

"மணிக்கு நாலு கிலோமீட்டர் போதும்மா. சத்தம் மட்டும் துளிகூட வரக்கூடாது," என்றார் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்.

எக்ஸ்பிரஸ் ஓட்டி அலுத்துப்போன மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளோட்டத்தன்று அவர் மனைவி அடுப்பு, கட்டில் எல்லாவற்றையும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். அவர் கயிற்றை அவிழ்க்கப் போனதும், குடையை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கிவிட்டாள்.

"அம்மா வரலையா சார்?"

"படகைக் கட்டிப் போட்டிருந்தா உள்ளேயே இருப்பா. நகர்ந்தா பயம். முப்பது வருஷமா ஸ்டேஷன்ல நின்னு கையாட்டி அனுப்பி வெச்சவ. இனிமே கூடவே வரட்டும்."

படகு நகர்ந்தது. அதற்கு இணையாகக் கரையில் நடந்துகொண்டே அவள் ஏதோ சொல்லிவிட்டு, "ஏங்க, கேக்குதா?" என்றாள்.

"நல்லாக் கேக்குது. சொல்லு."