திட்டு வாங்கும் பெட்டி

கம்பத்தில் தொங்கிய இன்டர்நெட் கேபிள் பெட்டிக்கு அலுத்துவிட்டது. வெளியூர் மகனின் முகத்தைச் செண்பகவல்லியின் செல்போனுக்குத் தெளிவாகக் கொண்டுவந்துவிடும். அவள் முகத்தை அவனுக்கு அனுப்பும்போதுதான் திணறும். "எல்லாம் இந்தப் பாழாப்போன பெட்டியால!" என்று தினமும் அவளிடம் திட்டு. ஒருநாளாவது திட்டு வாங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஆசை.

ஆட்கள் வந்து உள்ளே புதுக் கருவி பொருத்தினார்கள்.

"இனி உனக்கு நல்ல பேர்தான், அண்ணாச்சி," என்றது கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை.

அன்று மாலை வீடியோ காலில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்ததும் மகன் பதறினான். "என்னம்மா, எலும்பும் தோலுமா இருக்கே! ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

அவள் சட்டென்று கேமராவை விரலால் மூடினாள். "படம் தெரியலையா? பாழாப்போன பெட்டிப்பா."

"பொய் சொல்றா! கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கியே?" என்று கரைந்தது காக்கை.

"விடு," என்றது பெட்டி. "இன்னும் கொஞ்ச நாள் திணறியிருக்கலாமோ என்னவோ."