ஈரம் பார்த்தவள்

"அறுப்பு வேலை கேட்டு வந்தியாம்மா? ஆள் வேணாம், மிஷின் வருது" என்றார் சுப்பராயலு.

திண்டிவனத்துக்காரரான அவர் திருவெண்ணெய்நல்லூரில் நிலம் வாங்கியபின் இது முதல் அறுவடை.

அம்சவள்ளி வயலில் இறங்கிக் குதிகாலை அழுத்தினாள். கணுக்கால்வரை புதைந்தது.

"டயர் மிஷினாங்க? மாட்டிக்கும். ஆத்தோரத்து நெலத்துக்கு, சேத்துல அமுங்காம ஓடற பெல்ட் மிஷின்தாங்க சரி."

"எங்க ஊர்ல எல்லாரும் டயர் மிஷின்லதான் அறுக்கறாங்க. அரிவாள் புடிக்கறவளுக்கு மிஷினப் பத்தி என்னா தெரியும்?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் ஊரிலிருந்து டயர் மிஷின் வந்தது. பத்தடி போவதற்குள் அச்சுவரை சேற்றில் இறங்கி நின்றது. வானமும் கறுத்தது. சுப்பராயலு பதறிப்போய்ப் பக்கத்து வயல்காரரிடம் ஓடினார்.

"யார்கிட்டயாவது பெல்ட் மிஷின் இருந்தா ஜல்தியா வரச் சொல்லுங்க!"

அரை மணியில் பெல்ட் மிஷின் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் இருக்கையில் அம்சவள்ளி.

"நீயா? ஓனர் எங்கம்மா?"

"ஓனர்தாங்க ஓட்டிக்கினு வந்திருக்கேன். காலைல நான் வேலை கேட்டு வரலீங்க. இந்த ஊர்ல எந்த நெலமா இருந்தாலும் அறுப்புக்கு முன்னாடி ஈரம் பாத்துடுவேன்."

கடைசிக் கதிரையும் அறுத்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. கைகூப்பி நின்ற சுப்பராயலுவிடம் அம்சவள்ளி கேட்டாள்:

"அப்படியே உங்க ஊர் மிஷினையும் வெளிய இழுத்து வுட்டுடட்டுமாங்க?"