மூன்று நாள் தூங்காத குழந்தை

'வீ... வீ...' என்று அலறியபடி அரும்பாவூரில் இளவரசி வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. குழந்தைகளின் தூக்கத்தை ஆராயும் டாக்டர் ஷைனி, ராப்பகலாக அறிக்கை எழுதிச் சிவந்த கண்களும் கழற்றாமலே கசங்கிய கோட்டுமாகக் குதித்து இறங்கினாள்.

"பாப்பாவைத் தூக்குங்க! பெரம்பலூர்ல உடனே அட்மிட் பண்ணணும்!"

குழந்தையின் அம்மா இளவரசி வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏன் மேடம்? நல்லாத்தானே தூங்குறா?"

"யாரு சொன்னா? அவ கால்ல நான் கட்டுன பட்டை, ஒவ்வொரு அசைவையும் என் செல்போனுக்கு அனுப்புது. மூணு நாளா ஒரு பொட்டுத் தூக்கமில்லை. இப்படியே விட்டா மூளையே பாதிக்கும்!"

ஷைனி பதறிப்போய் உள்ளே ஓடிப் போர்வையை விலக்கினாள். குழந்தை மெல்லக் குறட்டை விட்டது. காலில் பட்டையைக் காணோம்.

இளவரசி நெளிந்தாள்.

"தூங்குற புள்ளையை அளந்தா கண்ணு பட்டுடுமேன்னு, நீங்க கட்டுன அன்னிக்கே அதைக் கழட்டி உங்க கோட்டுப் பையில போட்டுட்டேன் மேடம்!"